‘ஃபைனல்’ என்று பெயர் வைத்த ஃபைலுக்கு அப்புறம்

டிசைன் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் முதல் வெளிவேலை வந்தது. தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே சோப்பு தயாரித்து விற்க ஆரம்பித்திருந்தார். “நீதான் டிசைன் படிக்கிறியே, ஒரு லோகோ போட்டுக் கொடேன்” என்றார். மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டேன். 19 நாள் ஆனது. அதில் உட்கார்ந்து வரைந்தது நான்கு நாள்கூட இருக்காது.

அதற்கப்புறம் படிப்பு முடிவதற்குள் 11 வேலைகள் செய்துவிட்டேன். லோகோ, லேபிள், விசிட்டிங் கார்டு, அவற்றோடு ஆறு வெப்சைட். இரண்டு வேலைக்கு முழுப் பணம் வரவில்லை. அதில் ஒன்றில் தப்பு என்னுடையதுதான்.

கல்லூரியில் ஒரு புராஜெக்ட் ஜூரி முன்னால் ஸ்லைடு போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவதோடு முடிந்துவிடும். அந்த லோகோவை யாரும் அச்சடிக்கப் போவதில்லை. அந்த வெப்சைட்டில் இருக்கிற ஃபோன் நம்பர் ஒருநாளும் மாறப்போவதில்லை. கிளையன்ட்டுக்கோ நாம் ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்து அனுப்புகிற ஃபைலில்தான் எல்லாமே தொடங்குகிறது. இது எனக்கு உறைக்க மூன்று வேலை பிடித்தது.

ஏழு லோகோ காட்டிய கதை

சோப்பு அக்காவுக்கு ஏழு லோகோ போட்டுக் காட்டினேன். நிறையக் காட்டினால் நிறைய உழைத்த மாதிரி தெரியும் என்ற நினைப்பு. அவர் ஆசையாகப் பார்த்துவிட்டு, “மூணாவதுல இருக்கிற இலை நல்லா இருக்கு, அஞ்சாவதுல இருக்கிற எழுத்து நல்லா இருக்கு, ரெண்டையும் சேர்த்துடேன்” என்றார். சேர்த்தேன். அது எட்டாவது. பிறகு அவர் கணவர் பார்த்தார், கணவரின் தம்பி பார்த்தார். தம்பிக்கு இலை பிடிக்கவில்லை. பதின்மூன்றாவதில் வந்து நின்றபோது, அது யாருக்கும் பிடித்ததாக இல்லை. எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டரில்தான் பால் ராண்ட் என்ற லோகோ டிசைனர் பற்றிப் படித்தேன். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன்னுடைய நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு லோகோ கேட்டபோது, சில மாதிரிகள் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். ராண்ட் முடியாது என்றுவிட்டார். உங்கள் பிரச்சினைக்கு ஒரு தீர்வு தருகிறேன், பணம் கொடுப்பீர்கள், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்ற அர்த்தத்தில் பேசினாராம். கூலி ஒரு லட்சம் டாலர். சரி, நான் ராண்ட் இல்லை; இரண்டாம் ஆண்டு மாணவி அப்படிப் பேசினால் கிளையன்ட் எழுந்து போய்விடுவார். ஆனால் அந்தக் கதையில் எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருந்தது. மாதிரிகளைக் கூட்டக் கூட்ட, முடிவெடுக்கிற பாரத்தை நான் கிளையன்ட் தலையில் இறக்கிவைக்கிறேன். எது சரி என்று எனக்கே தெரியாததைத்தான் ஏழு படங்களாகக் காட்டியிருக்கிறேன்.

இப்போது இரண்டுதான் காட்டுகிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு யோசனையாக இருக்க வேண்டும். ஒரே யோசனைக்கு இரண்டு நிறம் கொடுத்து ஏமாற்றக் கூடாது. வெள்ளைத் தாளில் நடுவே தனியாக வைத்துக் காட்டுவதில்லை. லேபிளில், ஃபோன் திரையில், பெட்டியின் ஓரத்தில் என்று அது வாழப்போகிற இடங்களில் வைத்துக் காட்டுகிறேன். “எனக்கு இது சரின்னு தோணுது, காரணம் இது” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்விகளும் மாறிவிட்டன. “உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அவருக்கு நீலம் பிடிக்கும், அதை வைத்து நான் என்ன செய்ய? அதற்குப் பதிலாகக் கேட்பது: இந்தப் பெயரை முதல்முதலாக ஒருத்தர் எங்கே பார்ப்பார்? ஃபோனில் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒரே தடவையில் புரிகிறதா? யாரோடு உங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்? கடைசியாக, கொஞ்சம் சங்கடமான ஒன்று: “சரின்னு சொல்லப்போறது யாரு?” அந்த ஒருவர் முதல் சந்திப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கணவரின் தம்பி கடைசி நாளில் வந்து இலையைப் பிடுங்குவதைவிட, முதல் நாளிலேயே பிடுங்கிவிட்டால் நல்லது.

“ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்” என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் உடனே கணினியைத் திறந்துவிடுவேன். இப்போது, “எந்த இடத்தைப் பார்க்கும்போது அப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பெரும்பாலும் அவர்கள் கை வைக்கிற இடம் ஒன்று இருக்கும். ஒருமுறை அந்த இடம் லோகோவே இல்லை. கீழே எழுதியிருந்த வாசகம்.

அச்சகத்தில் கற்ற பாடம்

சோப்பு லேபிளுக்கு ஓர் இளம்பச்சை போட்டிருந்தேன். மழை பெய்து நின்றதும் புல்லில் தெரியுமே, அந்தப் பளபளப்பு. திரையில் அவ்வளவு உயிரோடு இருந்தது. அச்சகத்துக்கு ஃபைலை எடுத்துப்போனேன். அங்கிருந்த அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது ஸ்கிரீன்ல இருக்கிற பச்சைம்மா. மெஷின்ல இருக்கிற பச்சை இல்லை.”

நான் நம்பவில்லை. ஒரு தாள் ஓட்டிக் காட்டச் சொன்னேன். வந்தது வாடிய இலை. திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கலந்து காட்டுகிறது, ஆர்.ஜி.பி. என்ற திரை நிற முறையில் இருக்கிற பளிச்சென்ற பச்சைகளும் நீலங்களும் சி.எம்.ஒய்.கே. என்ற அச்சு நிற முறையின் எல்லைக்குள் வராது என்பதெல்லாம் முதலாம் ஆண்டுத் தேர்வில் நானே எழுதிய பதில். முழு மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் அது எனக்குத் தெரியவே தெரியாது என்று புரிந்தது.

அன்றைக்கு வேறு இரண்டும் சேர்ந்துகொண்டன. எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றாமல் ஃபைலைக் கொடுத்திருந்தேன். அவர் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாததால் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் 3 மி.மீ. பிளீடும் (வெட்டுகிற கோட்டுக்கு வெளியேயும் நிறத்தை நீட்டிவிடுகிற ஓரம்) விடவில்லை. அதனால் வெட்டும்போது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அண்ணன் திட்டவில்லை. “வீட்டுக்குப் போய் சரி பண்ணி எடுத்துட்டு வா, நாளைக்கு ஓட்டிக்கலாம்” என்றார். அவருடைய பொறுமைக்கு நான் கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை என்று இப்போதும் தோன்றும்.

பச்சையை மாற்றினேன், லேபிள் வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு மாதம் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினார். கூரியர் பெட்டிமேல் ஒட்டுகிற ஸ்டிக்கர். அதை ஒரு சின்ன தெர்மல் பிரின்டரில் அடிக்கிறார். அதற்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும், சாம்பல்கூடத் தெரியாது. என் இலை அதில் கறுப்புக் கறையாக உட்கார்ந்திருந்தது. நரம்புகளைக் காணோம்.

கணக்குப் பார்த்தால் அது வந்திருக்கவே முடியாது. இந்த வகைப் பிரின்டர்கள் பெரும்பாலும் 203 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 203 புள்ளி), அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளியின் அகலம் 0.125 மி.மீ. ஸ்டிக்கர் அளவுக்குச் சுருங்கியபோது என் நரம்புக் கோடு 0.25 பாயின்ட், மில்லிமீட்டரில் 0.09கூட இல்லை. புள்ளியைவிட மெல்லிய கோட்டை அது எப்படிப் போடும்? கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறுவது) வேறு கொடுத்திருந்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அன்றிலிருந்து எந்த லோகோவையும் நிறமே இல்லாமல் கறுப்பில்தான் முதலில் வரைகிறேன். பிறகு அதை 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். பிரவுசர் டாப்பில் ஃபேவிகானாக உட்காரப்போகிற அளவு அது. அதில் அடையாளம் தெரியவில்லை என்றால், விவரங்களைக் கழித்த இன்னொரு வடிவமும் சேர்த்துச் செய்துவிடுவேன். கையில் இருக்கிற சாதாரண பிரின்டரில் மைச் சேமிப்பு மோடில் ஒரு தாள் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. இலவசமாகக் கிடைக்கிற மிகக் கொடூரமான ஜூரி அதுதான்.

‘அப்படியே’

நம் மொழியில் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எமனாக வந்த சொல் ஒன்று உண்டு. ‘அப்படியே’. லோகோ போடுறே இல்லையா, அப்படியே ஒரு விசிட்டிங் கார்டு. அப்படியே ஒரு போஸ்டர். அப்படியே பண்டிகைக்கு ஒரு ஸ்டேட்டஸ் படம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை. மறுத்தால் நமக்கே அற்பமாகத் தோன்றும். நான்காவது ‘அப்படியே’யில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

நான் நேரத்தை எழுதிவைக்கத் தொடங்கியது மூன்றாவது வேலையில். ஒரு நோட்டில், எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன செய்தேன் என்று ஒரு வரி. வேலை முடிந்து கூட்டிப் பார்த்தால் 61 மணி நேரம். அதில் டிசைன் செய்தது 22. மீதியெல்லாம் செய்திகளுக்குப் பதில் சொன்னது, படங்கள் கேட்டு நினைவூட்டியது, ஃபைல் மாற்றிக் கொடுத்தது, அச்சகத்துக்கு நடந்தது. நான் கட்டணம் சொல்லியிருந்ததோ அந்த 22ஐ மனதில் வைத்து. அடுத்த வேலையிலிருந்து டிசைனுக்கு எவ்வளவு ஆகும் என்று தோன்றுகிறதோ அதை இரண்டரையால் பெருக்கி நேரத்தைச் சொல்கிறேன். இந்த இரண்டரை எனக்கானது. நீங்களும் ஒரு வேலைக்கு நோட்டு போட்டுப் பாருங்கள், உங்கள் எண் கிடைத்துவிடும்.

நைக்கி நிறுவனத்தின் அந்தச் சுழித்த குறியை வரைந்தவர் கரோலின் டேவிட்சன். 1971இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் மாணவி. மணிக்கு 2 டாலர் வீதம் பில் போட்டு 35 டாலர் வாங்கினார். 1983இல் நிறுவனம் அவரைக் கூப்பிட்டு, அந்தக் குறி பதித்த தங்க மோதிரமும் நிறுவனப் பங்குகளும் கொடுத்தது. இந்தக் கதையை நம்மிடம் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ‘பார், இவ்வளவு ஏமாற்றியிருக்கிறார்கள்’ என்பவர்கள். ‘பார், இப்போது கம்மியாக வாங்கினாலும் பின்னால் மோதிரம் வரும்’ என்பவர்கள். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் நம் கிளையன்ட்டாக இருப்பார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு: அந்த மாணவி மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தார். பதினேழரை மணி நேரம். நான் முதல் இரண்டு வேலையில் அதைக்கூடச் செய்யவில்லை.

முழுப் பணம் வராத கதைக்கு வருகிறேன். ஒரு சிறு நிறுவனம், பெயர் வேண்டாம். லோகோ முடிந்தது, பாதிப் பணம் பாக்கி. இரவு பத்து மணிக்கு ஃபோன்: “காலைல லான்ச்சும்மா, ஃபைலை மட்டும் அனுப்பிடு, மீதியை நாளைக்குப் போட்டுடறேன்.” பதற்றமான குரல். அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. இன்றைக்கும் அந்த லோகோ அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது. இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி ஒரு துளி கூடுதல்; அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பாதி முன்பணம் கைக்கு வந்த பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன். ஒப்புதலுக்குக் காட்டுகிற படம் சிறிய பி.என்.ஜி. மட்டும், வெக்டர் ஃபைல்கள் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத மூல ஃபைல்கள்) பாக்கி வந்தவுடன் போகும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். அதனால் நான் வாயால் சொல்வதில்லை. முதல் நாளே ஒரு பக்க மின்னஞ்சலில் எழுதிவிடுகிறேன்: என்னென்ன செய்வேன், எத்தனை முறை திருத்தித் தருவேன் (இரண்டு), அதற்குமேல் மணிக்கு எவ்வளவு, எழுத்தும் படமும் யார் எந்தத் தேதிக்குள் தர வேண்டும், முழுப் பணம் வந்தபின் உரிமை அவர்களுக்கு மாறும், என் போர்ட்ஃபோலியோவில் நான் காட்டிக்கொள்ளலாம். கடைசியில், “சம்மதம் என்றால் ‘சரி’ என்று ஒரு வரி பதில் போடுங்கள்.” பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எழுத்தில் ஒரு ‘சரி’ இருப்பது எங்கே போனாலும் உதவும். ‘அப்படியே ஒரு போஸ்டர்’ வரும்போது, அந்த மின்னஞ்சலை மேலே இழுத்து வைத்து, “போடலாம், இதில் சேரவில்லை, தனியாக இவ்வளவு ஆகும்” என்று எழுதினால் போதும். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பாதிப் பேருக்குப் போஸ்டர் அவ்வளவு அவசியமாக இருந்ததில்லை.

கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறேன், கூடவே வேலையையும் குறைத்துக்கொள்கிறேன். ஐந்து பக்க வெப்சைட் மூன்று பக்கமாகும். தேர்வும் சமர்ப்பிப்பும் வருகிற வாரங்களையும் முன்னாலேயே சொல்லிவிடுவேன். மாணவி என்பதை மறைக்கப் போய் ஒருமுறை ஜூரிக்கு முந்தைய இரவில் ஒருவரின் பேனருக்குத் தேதி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’

வெப்சைட் வேலைக்கு வந்தால், நான் செய்த பெரிய தப்பு ஒரு பிசியோதெரபி கிளினிக்கில்.

முதலில் சின்னத் தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். லோரம் இப்சம் (இடம் நிரப்பப் போடுகிற பொருளில்லாத எழுத்து) போட்டு அழகழகான அட்டைகளாகப் பக்கத்தை வடிவமைத்திருந்தேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இரண்டு சொல் தலைப்பு. உண்மையான பட்டியல் ஏழு வாரம் கழித்து வந்தது. ஒரு சிகிச்சையின் பெயர் ஒன்பது சொல். எல்லா அட்டையும் உடைந்தது. இப்போது உள்ளடக்கம் வராமல் நான் பக்கம் வரைவதில்லை. குறைந்தது மிக நீளமான தலைப்பையும் மிகக் குட்டித் தலைப்பையும் வாங்கிக்கொள்கிறேன். டாக்டர் கொடுத்த படங்கள் நேரே ஃபோனிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் 6 எம்.பி. முகப்பில் ஒன்றை அப்படியே வைத்திருந்தேன். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்கிற அளவு; என் பக்கத்தில் படம் மேலிருந்து கீழே துணி காயப்போடுகிற மாதிரி இறங்கியது. 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்-பி (வெப்சைட்டுக்கான, எடை குறைந்த பட வடிவம்) ஆக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. வேலை ஐந்து நிமிடம்.

இன்னொரு தளத்தில் தமிழும் ஆங்கிலமும் இருந்தன. ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த வரி இடைவெளியில் தமிழ் மூச்சு முட்டியது. மேலே புள்ளியும் கீழே சுழியும் இருக்கிற எழுத்து, எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு போதாது, 1.7 தேவைப்பட்டது. பட்டன்களும் அப்படித்தான். ‘சப்மிட்’ உட்கார்ந்த இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ உட்காராது.

கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நானோ வெளிர் சாம்பல் எழுத்துகளைப் பரப்பியிருந்தேன். என் போர்ட்ஃபோலியோவில் அது நாகரிகமாகத் தெரியும். காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர் ஃபோனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, “என்ன நேரம்னு போட்டிருக்கான், படி” என்றார். வீட்டுக்கு வந்து அளந்தேன். வெள்ளையின்மேல் #999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பலின் வேறுபாட்டு விகிதம் (எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற கணக்கு) 2.85:1. சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. (வெப்சைட்டை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான) நெறிமுறை கேட்பது குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் சாம்பல் போட்டே தீர வேண்டும் என்றால் #767676 வரை போகலாம், அது 4.54. அந்த எண்ணை இப்போது என் ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

சரி, பெரிய தப்பு. தளம் வெளியாகி ஐந்து வாரம். டாக்டர் சொன்னார், “வெப்சைட் போட்டும் ஒருத்தர்கூட எழுதலையேம்மா.” புதுத் தளம், கொஞ்ச நாள் ஆகும் என்று நான் பெரிய நிபுணர் மாதிரி விளக்கினேன். அதே வாரம் ஒரு அம்மா நேரில் வந்து, நாலு நாளாகப் பதிலே இல்லையே என்று கேட்டிருக்கிறார். அவர் தளத்தில் இருந்த தொடர்புப் படிவத்தை நிரப்பி, ‘உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்று திரையில் பார்த்திருக்கிறார். நானும் சோதனை செய்தபோது அந்த வரியைப் பார்த்துத்தான் திருப்திப்பட்டேன். டாக்டரின் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

நடந்தது இது. படிவம் அனுப்புகிற மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ இடத்தில் நிரப்பியவரின் முகவரி போகும்படி நான் அமைத்திருந்தேன். பதில் போட வசதி என்று நினைப்பு. ஆனால் கடிதம் கிளம்புவது அவருடைய அஞ்சல் சேவையிலிருந்து இல்லை, தளம் வைக்கப்பட்டிருக்கிற ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. யாரோ ஒருவர் பெயரைப் போட்டு வேறோர் இடத்திலிருந்து வருகிற கடிதம் என்றால், டிமார்க் (அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று சரிபார்க்கிற) விதிப்படி அது போலி. பெறுகிற பக்கம் அதை ஸ்பேமில் போடும், அல்லது வாசலிலேயே திருப்பிவிடும். ஐந்து வாரமாக வந்த செய்திகளில் ஸ்பேமில் ஒதுங்கியிருந்த சிலதான் கிடைத்தன. மற்றவை எத்தனை என்றுகூட எண்ண வழியில்லை. முதுகுவலியோடு எழுதியவர்கள் அவர்கள்.

சரிசெய்வது கடினமே இல்லை. ‘அனுப்புநர்’ தளத்தின் சொந்த டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) முகவரியாக இருக்க வேண்டும். நிரப்பியவரின் முகவரி ‘ரிப்ளை-டு’வில், அதாவது பதில் போக வேண்டிய இடத்தில். சர்வரின் இயல்பான அஞ்சலை நம்பாமல் எஸ்.எம்.டி.பி. (முறையான அஞ்சல் கணக்கில் நுழைந்து அனுப்புகிற வழி) வழியாக அனுப்ப வேண்டும், டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கிம் பதிவுகள் (கடிதம் உண்மையில் இந்தத் தளத்துடையது என்று காட்டுகிறவை) போட வேண்டும். படிவத்தின் ஒரு நகல் தளத்தின் தரவுத்தளத்திலும் சேமிப்பாக இருக்கட்டும். அஞ்சல் கைவிட்டாலும் செய்தி இருக்கும். கடைசிப் பாதிப் பணத்தில் ஒரு பகுதியை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்று முன்னால் சொன்னேனே, அது இது.

வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டுகிற மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: தேடுபொறிகள் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்று ஒரு டிக் இருக்கும், கட்டும்போது போட்டுவைப்போம். வெளியிடும் அன்று அதை எடுங்கள். நான் மூன்று வாரம் எடுக்கவில்லை.

சாவி யார் கையில்

முதல் இரண்டு வெப்சைட்டுக்கும் டொமைனை என் கணக்கிலேயே வாங்கினேன். கிளையன்ட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. கணக்கு எந்த மின்னஞ்சலில்? கல்லூரி கொடுத்த முகவரியில். கடைசி ஆண்டில் கல்லூரி அஞ்சல் முறையை மாற்றியது, பழைய பெட்டி மூடப்பட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் மூடிய பெட்டிக்குள் போயின. ஒரு காலையில் கிளையன்ட் கூப்பிட்டு, “என் சைட்ல ஏதோ விளம்பரம் வருது” என்றார். காலாவதியான பின் கிடைத்த சலுகை நாட்களுக்குள் பிடித்துவிட்டேன். அதைத் தாண்டியிருந்தால் மீட்புக் கட்டணம், அதையும் தாண்டியிருந்தால் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றே எல்லாவற்றையும் அவரவர் பெயருக்கு மாற்ற உட்கார்ந்தேன். இப்போது டொமைனும் ஹோஸ்டிங்கும் கிளையன்ட்டின் மின்னஞ்சலில், கிளையன்ட்டின் கார்டில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவரே வாங்குகிறார். பேஜ் பில்டர் (பக்கங்களை அடுக்கிக் கட்ட உதவுகிற மென்பொருள்) உரிமமும் அப்படியே. மாணவர்களுக்கென்று தள்ளுபடியிலோ இலவசமாகவோ கிடைக்கிற மென்பொருள்களில் சிலவற்றை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் நான் ஒரு வேலையைப் பாதி முடித்திருந்தேன். ஃபான்ட் கதையும் அதேதான். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்த எழுத்துருவில் ஒரு லோகோவை முடித்து, ஒப்புதலும் வாங்கி, பிறகு உண்மையைச் சொல்லி மாற்ற வேண்டியதாயிற்று. அச்சுக்கு வாங்கிய உரிமம் வெப்சைட்டுக்குச் செல்லாமல் போவதும் உண்டு. மாணவப் பருவத்தில் ஓ.எஃப்.எல். உரிமத்தில் (வணிக வேலைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற உரிமம்) வருகிற திறந்த எழுத்துருக்களே நிம்மதி.

கையளிக்கும் நாளை இப்போது தனி வேலையாகவே கட்டணத்தில் சேர்த்துவிடுகிறேன். ஒரு ஃபோல்டர்: அச்சுக்கு, வெப்சைட்டுக்கு, கறுப்பு மட்டும், வெள்ளை மட்டும் என்று நான்கு அறை. எந்த ஃபைலை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு, ‘அச்சகத்தில் கேட்டால் இது’ என்கிற மாதிரி. லோகோவையும் நிறங்களையும் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்கிற நாற்பது பக்க பிராண்ட் கையேடு ஜூரிக்குச் செய்வேன். கிளையன்ட் அதைத் திறந்ததை நான் கண்டதில்லை. வெப்சைட் என்றால் கிளையன்ட்டின் கணினியில், கிளையன்ட் கையால், என் முன்னால் ஒரு ஃபோன் நம்பரை மாற்றி, ஒரு படத்தை மாற்றி, திரும்ப வைக்கச் சொல்வேன். நான் மௌஸைத் தொடமாட்டேன். கை துறுதுறுக்கும், தொடமாட்டேன்.

கிளினிக் டாக்டருக்கும் கொஞ்சம் தாமதமாக அந்தப் பாடத்தை நடத்தினேன். போன மாதம் இரவில் அவரிடமிருந்து ஒரு செய்தி: “நானே மாத்திட்டேன், பாரும்மா.” திறந்தேன். என் அளவான முகப்புக்கு மேலே, ‘சனிக்கிழமை விடுமுறை’ என்று பிரம்மாண்டமான தடித்த சிவப்பு எழுத்து. பதில் எழுத ஆரம்பித்து இரண்டு தடவை அழித்தேன். பிறகு அளந்து பார்த்தேன். வெள்ளையின்மேல் கலப்பில்லாத சிவப்பு ஏறக்குறைய 4:1. சாதாரண எழுத்தாக இருந்தால் ஃபெயில். ஆனால் பெரிய எழுத்துக்கு 3:1 போதும். அவர் போட்டிருந்த அளவுக்குத் தாராளமாகப் பாஸ். “நல்லா இருக்கு டாக்டர்” என்று அனுப்பினேன்.